அக்கினிப் பிரவேசம்: தேற்றுதலும் மறைத்தலும்

ஜெயகாந்தன் 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை பற்றி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் கற்பு என்னும் ஒன்றையே சுற்றி நின்றன. தாய் செய்தது முறையோ என வினவினோர் பலர். அச்செயலால் மகள் பெற்றது யாது, பெறாதது யாது என வினவினோர் சிலர். தீங்குற்ற இளையோரைக் குடும்பம் தாங்கும் வகையை நோக்கி, இக்கதையையும் இதன் வழித் தோன்றிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) என்னும் புதினத்தையும் ஒருங்குவைத்து ஈண்டு ஆராய்வாம்.

மழையிற் பேருந்துக்குக் காத்துநின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, காரில் வந்த அயலான் ஒருவனாற் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அவன் கொடுத்த சூயிங்கம் அவள் வாயிலேயே இருக்கிறது. குழந்தைமை நீங்காத பேதை அவள் என்பதை இச்சிறு குறிப்பே உணர்த்திவிடுகிறது. செய்தி அறிந்த தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அண்டை வீட்டார் வினவவே, மழையில் நனைந்து வந்ததற்குக் கடிந்ததாகக் கூறி மறைக்கிறாள். பின்பு மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூயவளே எனத் தேற்றுகிறாள்.

இத்தாயிடம் மூன்று சிறப்புக்களைக் காண்கிறோம். மகள் சொல்லை அவள் ஐயுறவில்லை; தன் சினத்தைத் தானே அடக்கினாள்; மகளைக் கைவிடவில்லை. எனினும் நீராட்டித் தூய்மை செய்தல் என்பது மாசு ஒன்று உண்டு என்பதை உடன்பட்டே நிகழ்வது. தலைப்பும் சீதையின் தீக்குளிப்பை நினைவூட்டுகிறது. இரண்டிடத்தும் சோதனைக்கு உள்ளாகிறவள் துன்புற்றவளே. தீங்கு செய்தவனோ எவ்வினாவுக்கும் விடை கூறாமல் கதையினின்று நீங்கிவிடுகிறான். மேலும், அத்தாயைத் தேற்றுவார் ஒருவரும் கதையில் இலர். தனித்து நின்றவள் தனக்குத் தெரிந்த ஒரே காப்பினைத் தேடினாள், அதுவே மறைத்தல்.

புதினத்தில் அந்நிகழ்ச்சியே வேறு முடிவு கொள்கிறது. தாய் தன்னை அடக்கவில்லை. அலறல் வெளியே கேட்கிறது. தமையன் கங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். ஆதரவு தந்து படிக்கவைக்கும் மாமனும் அவளிடம் தகாத முறையில் நடக்கிறான். புகலிடமே அச்சத்துக்கு இடமாயிற்று. அவனையே சார்ந்து வாழ்ந்தவள் யாரிடம் முறையிடுவாள்? கல்வியும் பதவியும் பெற்ற பின்னரும் அவள் புண் ஆறவில்லை. ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையைக் கங்கையே படிப்பதாக ஆசிரியர் அமைத்திருப்பது கருத்துடையது. நேர்ந்த தீங்கு ஒன்றே, வாழ்வுகள் இரண்டாயின. தீங்கினை அடுத்த நாழிகையில் வீட்டார் நடந்துகொண்ட முறையே அவற்றைப் பிரித்தது.

1966ஆம் ஆண்டில் மறைத்தலன்றி வேறு வழி யாது என்பார் உளர். அக்காலத்தாய் மீது பழி சுமத்தல் நம் கருத்தன்று. ஆனால் இன்று வழி உண்டு. பதினெட்டு அகவை நிரம்பாதாரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் நிகழ்ந்தமை அறிந்தோரும், நிகழக்கூடும் என அஞ்சுவோரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெறலாம். பெறும் அதிகாரி சீருடையில் இருத்தலாகாது. குழந்தையின் பெயரும் அடையாளமும் செய்தித்தாளில் வருதல் கூடாது. விசாரணைக் காலத்தில் குழந்தைக்கும் பெற்றோர்க்கும் துணைநிற்க, அவர்தம் இசைவுடன், ஆதரவாளர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தலாம். அத்தாய்க்குக் கிட்டாத துணை இதுவே.

எனவே மறைத்தல் வேறு, மானங்காத்தல் வேறு எனத் தெளிகிறோம். முன்னது குழந்தையின் வாயை அடைக்கிறது. பின்னது ஊர்வாயை அடைக்கிறது. அத்தாயின் அன்பை நாம் கொள்வோம். ஊற்றிய நீரை விட்டுவிடுவோம். கழுவத்தக்க கறை மகளிடம் இருந்ததில்லை.