நாளை வகுப்பவர் யார்? முதியோர் வாழ்விடப் புதினங்கள் இரண்டு

முன்னுரை

முதுமை பற்றிய புனைகதைகளை ஆராயும் நம் திறனாய்வு பெரும்பாலும் முதியோர் இல்லத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. மகன் தாயை அழைத்து வருகிறான், பதிவேட்டில் கையொப்பமிடுகிறான், போய்விடுகிறான். இக்காட்சியை எடுத்துக்காட்டிக் குடும்பச் சிதைவு, நகரமயமாதல், விழுமிய வீழ்ச்சி ஆகிய தலைப்புகளுள் ஒன்றில் அதனை அடக்கிவிடுகிறோம். முதுகலை மாணவர்களை இப்பொருள் குறித்து எழுதச் செய்தபோது, கிடைத்த கட்டுரைகள் பலவற்றிலும் எழுவாய் மகனாகவே இருந்தான். மறுநாள் காலையில் அத்தாய் எப்போது எழுந்தார், யாருடன் அமர்ந்து உண்டார், மாலை வரை என்ன செய்தார் என்பன எழுதப்படவே இல்லை.

அந்த மறுநாளையே பொருளாகக் கொண்ட ஆங்கிலப் புதினங்கள் இரண்டு 1971ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்று, எலிசபெத் டெய்லர் எழுதிய 'மிசஸ் பால்ஃப்ரே அட் தி கிளேர்மாண்ட்'. மற்றொன்று, பி.எஸ்.ஜான்சன் எழுதிய 'ஹவுஸ் மதர் நார்மல்'. முதியவரின் நாளை வகுப்பவர் யார் என்னும் வினாவை இவ்விரு புதினங்களிடமும் எழுப்பி, அதன்வழி நம் வாசிப்பு முறையை மறுபரிசீலனை செய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

ஒரு சொல், பல வாழ்விடங்கள்

ஆதரவற்றோர்க்கான அறநிலையம், கட்டணம் செலுத்தித் தங்கும் விடுதி, தனி வீடும் பொது உணவறையும் கொண்ட குடியிருப்பு, நோயுற்றோர்க்கான பராமரிப்பகம் ஆகிய அனைத்தையும் 'முதியோர் இல்லம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பிரிட்டனில் இவை தனித்தனிப் பெயர் பெற்றவை. அங்குள்ள காப்புக் குடியிருப்பில் முதியவர்க்குத் தனிக் கதவும் அதன் சாவியும் உண்டு. இடர் நேர்ந்தால் இழுக்க அழைப்புக் கயிறும், அழைப்பை ஏற்கக் காப்பாளரும் உண்டு. பராமரிப்பகத்திலோ நாளின் பெரும்பகுதியைப் பிறரே வகுக்கின்றனர். கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வாழ்வின் தன்மையையே மாற்றிவிடுவதால், இவ்வேறுபாட்டைத் திறனாய்வு புறக்கணித்தல் இயலாது.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் நிறுவலாம் என்கிறது. மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான தரங்களை வகுக்கவும் அப்பிரிவு இடந்தருகிறது. சட்டத்தால் இடங்களை எண்ண முடியும். அங்கு கழியும் பொழுது யாருடையது என்பதை எண்ணிக்கையால் காட்ட முடியாது. இலக்கியத்தின் பணி இங்கே தொடங்குகிறது.

உணவறையும் வரவேற்பறையும்

டெய்லர் காட்டும் கிளேர்மாண்ட், லண்டன் குரோம்வெல் சாலையிலுள்ள ஒரு தங்கும் விடுதி. முதியோர் சிலர் அங்கு நிலையாகத் தங்கியுள்ளனர். பர்மாவில் ஆட்சிப்பணி புரிந்தவரின் மனைவியாக வாழ்ந்து, கணவரை இழந்த திருமதி பால்ஃப்ரே, சனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மழைக்கிடையே அங்கு வந்து சேர்கிறார். மகள் ஸ்காட்லாந்தில், பெயரன் லண்டனில். யார் அவரைக் கைவிட்டனர் என்னும் விசாரணையில் ஆசிரியர் பக்கங்களைச் செலவிடவில்லை. அன்றைய உணவுப் பட்டியலைப் படித்தல், உணவு நேரம் வரை காலத்தைக் கடத்துதல், பின்னல் வேலை, தொலைக்காட்சித் தொடர், நூலகப் புத்தகம் என நாளின் உறுப்புகளுக்குள் நேரே நுழைந்துவிடுகிறார்.

அவ்விடுதியில் ஒருவரது மதிப்பை அளக்கும் கோல், அவரைக் காண வருவோர் உண்டா என்பதே. பெயரன் வருவான் எனச் சொல்லிவிட்ட திருமதி பால்ஃப்ரே, அவன் வராமையால் நாணுகிறார். வெளியே சென்று கீழே விழுந்தபோது தமக்கு உதவிய லூடோ என்னும் இளம் எழுத்தாளரை ஒருநாள் உணவுக்கு அழைக்கிறார். பிறர் அவரைப் பெயரன் எனக் கருத, அதைத் திருத்தாமல் லூடோவையும் அந்நடிப்பில் சேர்த்துக்கொள்கிறார். பாசத்திற்கு ஏங்கும் முதுமையின் அவலம் என இதனை எளிதில் விளக்கிவிடலாம். ஆயினும் பிறர் வகுத்த நேரங்களுக்கிடையில் அவர் தாமே வகுத்துக்கொண்ட ஒரு மாலை அது. அப்பொய்யில் வெளிப்படுவது அவரது ஏக்கத்தைக் காட்டிலும் அவரது செயலூக்கமே எனலாம்.

இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. உடல் கட்டுப்பாட்டை இழந்ததும் திருமதி ஆர்பத்நாட் விடுதியை விட்டு நீங்க நேர்கிறது. முதுமை அனுமதிக்கப்படும் இடத்தில் இறப்பு அனுமதிக்கப்படுவதில்லை. இக்கருத்தையே லூடோ தம் புதினத்திற்குத் தலைப்பாக்குகிறார். அவர் திருமதி பால்ஃப்ரேயிடம் அன்பு காட்டுவதோடு அவரைக் குறிப்பேட்டில் பதிவும் செய்துகொள்கிறார். முதியவரைப் படைப்புக்குரிய பொருளாக்கும் இச்செயலை டெய்லர் கண்டிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

ஒரு மாலைப்பொழுது, ஒன்பது குரல்கள்

ஜான்சனின் புதினம் ஓர் இல்லத்தில் நிகழும் ஒரே மாலைப்பொழுதை எட்டு முதியோரின் அகமொழியில் எட்டு முறை கூறுகிறது; இறுதியில் இல்லத் தலைவி பேசுகிறார். முதியோர் ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கப்பட்ட பக்கங்கள் 21. ஒருவர் பகுதியின் ஐந்தாம் பக்கத்தில் நிகழ்வது அடுத்தவர் பகுதியின் ஐந்தாம் பக்கத்திலும் அதே கணத்தில் நிகழ்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வயது, பார்வை, செவித்திறன், நோய்கள் ஆகியவற்றைத் தரும் அட்டவணை உள்ளது. 74 வயது சாராவிடம் தொடங்கும் நினைவோட்டம் படிப்படியாகச் சிதைந்து, 94 வயது ரொசெட்டாவை அடையும்போது பக்கங்கள் பெரிதும் வெற்றிடமாகின்றன; வேல்சு மொழிச் சொற்கள் சில ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன.

இங்கு உணவும் கைவேலையும் விளையாட்டும் தலைவியின் கட்டளைப்படியே நிகழ்கின்றன. பொழுதுபோக்கு என்னும் பெயரில் இழிவு திணிக்கப்படுகிறது. தம்மை இயல்பானவர் எனக் கூறிக்கொள்பவரே கொடுமையின் உருவாக நிற்கும் முரண், நூலின் தலைப்பிலேயே அமைந்துள்ளது. உள்ளத்தின் குரலை முதியோர்க்கு முழுமையாக வழங்கும் இப்புதினம், செயலுரிமையை ஏறத்தாழ முற்றிலும் பறித்துவிடுகிறது. வடிவப் புதுமையைப் பாராட்டும்போது இவ்விழப்பையும் சுட்டவேண்டும். நினைவு கூர்பவராக மட்டுமே முதியவரைக் காட்டுவதும் ஒருவகைக் குறுக்கமே. திருமதி பால்ஃப்ரேயின் சிறு பொய்க்கு இணையான செயலொன்றை ஜான்சனின் அட்டவணைகளுக்கு இடையில் காண்டல் அரிது.

தமிழ் மரபின் குரல்

முதியவரே எழுவாயாக நின்று பேசுவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலில், மருதமரக் கிளையேறி ஆழ்ந்த நீரில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையைக் கோலூன்றிய முதியவர் ஒருவர் எண்ணிப் பார்க்கிறார். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவரின் பெயரே அக்கோலிலிருந்து பிறந்தது. பாடலைக் கழிந்த இளமைக்கான இரங்கலாக மட்டும் நாம் கற்பிக்கிறோம். இருமலுக்கு இடையே சில சொற்களாகப் பேச்சு முறிந்து வருவதையும் அது பதிவு செய்கிறது. அது அம்முதியவரின் அன்றாடம். ரொசெட்டாவின் வெற்றுப் பக்கங்களில் ஜான்சன் தேடிய முறிந்த மொழியைச் சங்கப் புலவர் முன்னரே செவிமடுத்துள்ளார்.

முடிவுரை

முதியோர் வாழ்விடம் பற்றிய படைப்பை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். கதவின் சாவி யாரிடம் உள்ளது? உணவுக்கும் உறக்கத்திற்கும் நேரம் குறிப்பவர் யார்? அந்த நாளைச் சொல்லும் குரல் யாருடையது? மகனின் குற்றவுணர்வை ஆராய்வது தவறன்று. ஆனால் அது மகனைப் பற்றிய ஆய்வு. தாயைப் பற்றிய ஆய்வு, அவன் சென்றபின் தொடங்கும் முதல் காலைப்பொழுதிலிருந்து எழுதப்பட வேண்டும்.