தலையணை மந்திரம்

கனடாவில் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் 'தி டிரேட்' என்று சொன்னால் எந்த டிரேட் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் தலைவர் வெய்ன் கிரெட்ஸ்கி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்குக் கைமாற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. ஐந்து பருவங்களில் நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி அது. கடைசிக் கோப்பை கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செய்தியாளர் கூட்டத்தில் பேச முடியாமல் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ், அரசாங்கம் தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றே கேட்டார்.

இந்தத் துக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். நீண்ட குளிர்காலம் முழுக்க ஒருவரின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே நாட்களை நகர்த்தியவர்களுக்கு, அவர் இனி வேறு சட்டையில் வருவார் என்பது சிறிய இழப்பல்ல. அவர் சாகவில்லை, எங்கோ நன்றாகத்தான் இருக்கிறார். அதனால் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ரசிகை என்ற முறையில் எனக்கு அது புரிகிறது. என் கேள்வி, அந்தத் துக்கம் கோபமாக மாறியபோது எந்த வாசலில் போய் நின்றது என்பதுதான்.

டிரேடுக்கு மூன்றரை வாரம் முன்பு, ஜூலை 16 அன்று, எட்மன்டனில் கிரெட்ஸ்கிக்கும் அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்ஸுக்கும் திருமணம் நடந்தது. கனடாவின் அரச கல்யாணம் என்று பத்திரிகைகள் எழுதின. தேவாலயத்துக்கு வெளியே ஊரே திரண்டு நின்றது. அதே ஊரில்தான் ஆகஸ்டில், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அவர் போய்விட்டார் என்ற பேச்சு எழுந்தது. நடிகை, அமெரிக்காக்காரி, ஹாலிவுட் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டாள் என்றார்கள். பீட்டில்ஸைப் பிரித்ததாகப் பழி சுமந்த யோகோ ஓனோவோடு அவரை ஒப்பிட்டார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் தலையணை மந்திரம். வந்தவள் வந்த நேரம் சரியில்லை என்பதும், மகனைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பதும் நாம் கேட்டு வளர்ந்த வசனங்கள். எட்மன்டன்காரர்கள் அவற்றை ஆங்கிலத்தில் பேசினார்கள்.

நடந்த கணக்கைப் பார்ப்போம். அணியின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்கு 15 மில்லியன் அமெரிக்க டாலர் ரொக்கம் கிடைத்தது. கூடவே இரண்டு ஆட்டக்காரர்களும், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளும். கிரெட்ஸ்கியோடு இன்னும் இருவர் கிங்ஸுக்குப் போனார்கள். அன்று மேடையில், தானே கேட்டுப் போவதாகவும் மனைவிக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இது நல்லது என்றும்தான் கிரெட்ஸ்கி சொன்னார். பழி ஜேனட் பக்கம் சாய அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கோப்பை வென்ற சூட்டோடு தன்னை விற்கப் பேச்சு நடப்பது தெரிந்துவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். 1978இல், 17 வயதில், இன்னொரு முதலாளியிடமிருந்து பாக்லிங்டன் விலைக்கு வாங்கிய பையன்தான் அவர். 18ஆம் பிறந்தநாளில் மைதானத்தின் நடுவே மேசை போட்டு 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் அன்று கைதட்டியது. வாங்கியவர் ஒருநாள் விற்கவும் செய்வார் என்பது அந்தக் காகிதத்திலேயே இருந்தது.

பாக்லிங்டனையும் ரசிகர்கள் விடவில்லை. அவர் உருவபொம்மையை எரித்தார்கள். ஆனால் அவர் செய்த காரியத்துக்காக அவரைத் திட்டினார்கள். ஜேனட்டைத் திட்ட அவர் எதையும் செய்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, மனைவியாக இருந்ததே போதும்.

மருமகள் கதை ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது? கிரெட்ஸ்கியே போக விரும்பினார் என்று ஒப்புக்கொண்டால், நம் அன்பு அவரைக் கட்டிவைக்கப் போதவில்லை என்றாகிறது. முதலாளி விற்றார் என்று ஒப்புக்கொண்டால், 'நம்ம டீம்' ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை என்றாகிறது. இரண்டும் தாங்கமுடியாதவை. நடுவில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால் மகன் நல்லவனாகவே இருப்பான், வீடும் நம்முடையதாகவே இருக்கும். குடும்பங்களில் சொத்துச் சண்டை மருமகள் சண்டையாகப் பேசப்படுவதும் இந்த வசதிக்காகத்தான்.

ரசிகைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்கள் அழுதபோது அது தேசத்தின் துயரம். ஒரு பெண் ஆட்டக்காரருக்காக அழுதால், அவள் ஆட்டத்தைப் பார்த்தாளா ஆளைப் பார்த்தாளா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட பெண்களைக் குறிக்க 'பக் பன்னி' என்றொரு இழிசொல்லே ஹாக்கியில் இருக்கிறது. ஆணோடு வாழ்பவள் அவனைக் கெடுப்பவள், ஆணின் ஆட்டத்தை ரசிப்பவள் அவனுக்கு ஏங்குபவள். ஆட்டத்தைப் பற்றிய ஒரு கருத்து பெண்ணுக்கு இருக்கலாம் என்பது இரண்டு கதையிலும் இல்லை.

2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை ஹாக்கி லீக் ஆடத் தொடங்கியது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்துக் கூட்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2025இல் வான்கூவர், சியாட்டில் என்று இரண்டு புதிய அணிகள் வந்தபோது, ஒவ்வொரு பழைய அணியும் முதலில் மூன்று பேரை மட்டுமே தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பாஸ்டன் அணியின் தலைவர் ஹிலரி நைட் அந்த மூவரில் இல்லை. அவர் சியாட்டிலோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பாஸ்டன் ரசிகைக்கு இதுவும் இழப்புதான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் கண்ணெதிரே இருக்கின்றன: மூன்று என்ற எண்ணை வைத்தது யார், ஆட்டக்காரரின் சம்மதத்துக்கு எங்கே இடம், லீக் யாருக்குச் சொந்தம்?

பிடித்த ஆட்டக்காரர் போகும்போது அழுவோம். அழுதுகொண்டே ஒப்பந்தத்தையும் படிப்போம்.