வீட்டில் ஒரு பங்கு: திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள்

திருநங்கையரைப் பற்றித் தமிழில் முன்பே எழுதியிருக்கிறார்கள். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' தொண்ணூறுகளில் வந்து பரவலாகப் படிக்கப்பட்ட நாவல். பரிவு நிறைந்த எழுத்துதான் என்றாலும் வெளியே நின்று பார்த்தவருடையது. 2004இல் ஆ. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' வந்தபோதுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. அதிலும் ரேவதி முதலில் தன் கதையைச் சொல்லவில்லை. தன்னைப் போன்ற பலரிடம் உட்கார்ந்து கேட்டு அவர்கள் வாழ்க்கையைத் தொகுத்தார். 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' வெளிவந்தது. பிரியா பாபு 'அரவாணிகள் சமூக வரைவியல்' எழுதினார், அடுத்து 'மூன்றாம் பாலின் முகம்' என்ற நாவலையும். ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் அச்சேறி, 2011இல்தான் 'வெள்ளை மொழி'யாகத் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்து வீட்டின் கதையைத் தமிழர்களே பிந்திப் படிக்க நேர்ந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த நூல்களைத் துயரச் சாட்சியங்களாக மட்டும் படிக்கும் வழக்கம் இருக்கிறது. அடி, காவல் நிலையம், அறுவை சிகிச்சை என்று பக்கங்களைப் புரட்டிக் கண்ணீர் விட்டு மூடிவைத்துவிடுகிறோம். அப்படிப் படிப்பவர்கள் இவற்றின் மையத்தையே தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இந்தப் பெண்கள் விடாமல் கேட்பது மிக எளிய ஒன்று: இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா? அதற்கு நான் என்ன கொடுக்க வேண்டும்?

ரேவதியின் நூல் இந்தக் கேள்வியை முழுதாக எழுதிப் பார்த்திருக்கிறது. வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்தவரை அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடிக்கிறார். மறுபடி வெளியேறி டெல்லி, மும்பை, பெங்களூரு என்று போகிறார். அங்கே கிடைக்கும் ஜமாத் வீடு, அதாவது திருநங்கையர் சேர்ந்து வாழும் வீடு, இன்னொரு குடும்பம். குரு தாயாகிறார், சேலா மகளாகிறாள், குருவின் குரு நானி, அதாவது பாட்டி. ஆதரவும் அங்கே உண்டு, அதிகாரமும் உண்டு. சமையல், துணி துவைப்பு, கடை கடையாகக் காசு கேட்கப் போவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, மீறினால் கண்டிப்பு. இந்த இரண்டாம் வீட்டை ரேவதி புனிதப்படுத்தவும் இல்லை, பழிக்கவும் இல்லை. தன்வரலாற்றில் இது அரிதான நேர்மை. பாலியல் தொழிலில் சம்பாதித்ததையும், பெங்களூரில் காவலர்கள் செய்த கொடுமையையும் அதே நிதானத்தோடு சொல்கிறார்.

என்னை அதிகம் உலுக்கியவை அவர் ஊர் திரும்பும் பகுதிகள். நீண்ட தலைமுடியோடும் சேலையோடும் வருபவரைத் திட்டும் அதே வீடு அவர் கொண்டுவரும் பணத்தை வேண்டாம் என்று சொல்வதில்லை. சொத்தில் தன் பங்கை அவர் கேட்கும்போது, அண்ணன்மாரின் கண்ணில் அவர் மகளும் இல்லை, மகனும் இல்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் எப்படியோ அவரைத் தேடி வருகிறது. ஏற்பு என்று நாம் மேடையில் பேசுவது, வீட்டு வாசலில் சொத்துப் பத்திரமாகவும் பண அனுப்புதலாகவும் சாப்பாட்டுத் தட்டாகவும்தான் அளக்கப்படுகிறது.

வித்யாவின் நூலில் வேகம் அதிகம். தலித் குடும்பத்தில் பிறந்த ஒரே ஆண்பிள்ளை என்று கருதப்பட்ட குழந்தை படித்து முன்னுக்கு வந்தால் குடும்பமே நிமிரும் என்று நம்பிய அப்பா, பெல்ட்டும் கையுமாகப் படிக்க வைக்கிறார். மகளின் விடுதலை அந்தக் கனவின் உடைவாக அவருக்குத் தெரிகிறது. இருவர் பக்கத்து வலியும் வாசகருக்குப் புரிகிறது. மொழியியலில் முதுகலை படித்த பெண், புனே ரயில்களில் கை நீட்டுகிறார். பிறகு கடப்பாவில் நிர்வாணம் எனப்படும் அறுவை சிகிச்சை. பிறகு மதுரையில் மற்றவர்களைப் போலவே ஒரு அலுவலக வேலை. மாதச் சம்பளம் வாங்கும் அந்தப் பகுதியை நான் அறுவை சிகிச்சைப் பகுதியை விட முக்கியமாக நினைக்கிறேன். இந்த நூலிலிருந்து பிறந்த கன்னடப் படம் 'நானு அவனல்ல அவளு'. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது.

மற்ற மொழிகளில் லக்ஷ்மி நாராயண் திரிபாதி, மனோபி பந்தோபாத்யாய் ஆகியோரின் நூல்கள் பெயர்பெற்றவை. அவை ஒவ்வொன்றும் பத்திரிகையாளர் ஒருவரிடம் சொல்லி உருவானது. தன் செயல்பாட்டு வாழ்க்கையைப் பற்றி 2016இல் ஆங்கிலத்தில் வந்த நூலை ரேவதியே நந்தினி முரளியிடம் அப்படிச் சொல்லி உருவாக்கியிருக்கிறார். சொல்லக் கேட்டு எழுதிய நூல் சீராக ஓடுகிறது, சாதனைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 'வெள்ளை மொழி'யில் அந்தச் சீர் கிடையாது. திரும்பத் திரும்ப ஊருக்குப் போவதும் அடிபடுவதும் கிளம்புவதும் வருகின்றன. அந்தத் திரும்பல்தான் அவர் வாழ்க்கையின் உண்மையான வடிவம். திருத்தி ஒழுங்குபடுத்தாமல் விட்டதால் நூல் உயிரோடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008இல் வந்தது, மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014இல். ரேவதியின் தொகுப்பும் வித்யாவின் நூலும் இரண்டுக்கும் முந்தியவை. திருநங்கை என்ற அடையாள அட்டையோடு வளர்ந்த தலைமுறையின் தன்வரலாறுகள் இனி வேண்டும். வீட்டை விட்டு ஓடாமல் அதே ஊரில் இருந்து முதுமையடைந்தவர்களுடையவையும் வேண்டும். பதிப்பாளர்கள் கண்ணீரை மட்டும் கேட்டு வாங்காதிருந்தால் அவை வரும்.

ரேவதி 'வெள்ளை மொழி'யை அ. மங்கையின் இயக்கத்தில் தனிநடிப்பாகவும் மேடையேற்றியிருக்கிறார். புத்தகத்தை மூடிவைக்கும் வசதி அங்கே பார்வையாளருக்கு இல்லை.