சுமையிலிருந்து காவலுக்கு: ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்தில் வளர்ச்சியும் உழைப்பும்

முன்னுரை

ஏலக்காய் பெருமளவு விளைவது கேரளத்தின் இடுக்கி மலைகளில். அதற்கு விலை முடிவாகும் ஏல மையங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரில் உள்ளது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. தோட்டம் ஒரு மாநிலத்திலும் தொழிலாளியின் வீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. சிலமலை போன்ற அடிவார ஊர்களைக் கொண்ட தேனி மாவட்டத்தின் இவ்வாழ்வைக் களமாகக் கொண்டது, லெனின் பாரதி இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. இதனை நிலமற்றவனின் நிலக்கனவாக மட்டும் காண்பது எளிது. உழைப்பின் வடிவம் மாறுவதைச் சொல்லும் படமாகவும் இது வாசிக்கத்தக்கது.

சுமையும் பாதையும்

ரங்கசாமி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்குபவன். படத்தின் முற்பகுதி கதையை விரைவுபடுத்தாமல் அவனது நடையைப் பின்தொடர்கிறது. அந்த ஒற்றையடிப்பாதை வெறும் பின்னணி அன்று. செய்தியும் உதவியும் நம்பிக்கையும் கைமாறும் இடம். சாலையும் இயந்திரமும் வரும்போது தலைச்சுமையோடு அவ்வுறவுகளும் தேவையற்றுப் போகின்றன. எனினும் படம் பழைய உழைப்பைப் போற்றிப் பாடவில்லை. சுமந்தே உடல் தளர்ந்த முதியவரும் அதே பாதையில்தான் நடக்கிறார்.

கடனும் காற்றாலையும்

ரங்கசாமியின் இழப்புகள் இருவகையின. மூட்டை பள்ளத்தில் சிதறுவது கண்முன் நிகழ்கிறது. விதை, உரக் கடனுக்கு நிலம் போவதோ கணக்கேட்டில் நிகழ்கிறது. முன்னதற்கு ஊர் துணை நிற்கிறது. பின்னதைத் தடுக்க யாரும் இல்லை. இறுதியில் தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவலாளி ஆகிறான். வளர்ச்சி வராததால் அவன் வீழவில்லை. வந்த வளர்ச்சியிலேயே வீழ்கிறான். வேலைவாய்ப்புக் கணக்கு அவனை வரவாகவே பதியும். இழந்த நிலத்திற்கு அதில் பத்தி இல்லை.

விடுபட்டவை

ஏலத்தோட்டங்களில் காய் பறிப்போரும், போடியின் கிடங்குகளில் நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிப்போரும் பெரும்பாலும் பெண்களே. படத்திலோ திருப்பங்கள் யாவும் ஆணின் நில உடைமையையே சுற்றி அமைகின்றன. ஈசுவரி அவ்விழப்பைத் தாங்குபவளாக இருக்கிறாள். அவளது உழைப்பு தனிக்கதையாக விரியவில்லை.

முடிவுரை

சாலை வந்தபின் தலைச்சுமை குறைந்தது. விடியுமுன் ஜீப்பில் எல்லை கடந்து தோட்ட வேலைக்குச் செல்வது நிற்கவில்லை. ஆகவே உடைமை இழந்தவனின் கதையோடு, இழக்க உடைமையே இல்லாத தினக்கூலிப் பெண்ணின் கதையும் சேரும்போதுதான் மலையடிவார வளர்ச்சி பற்றிய திறனாய்வு முழுமை பெறும். அதற்கான வலுவான தொடக்கமாக இப்படம் அமைகிறது.