பெரியவர் வாங்கிய பூ

குன்றாண்டார்கோவிலில், தேர்போல் அமைந்த நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்கத்தான் போனேன். கல் சக்கரத்தின் அருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கொலைக் கதைக்குள் இழுத்துவிட்டார்.

"அந்தப் பெட்டி நம்ம கீரனூர் வழியாத்தான் தம்பி போச்சு" என்றார்.

ஆளவந்தார் வழக்கு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சென்னைப் பாரிமுனையில், ஒரு பேனாக் கடையில் வியாபாரம் செய்துவந்தவர் 1952 ஆகஸ்டு 28-ந் தேதி வீடு திரும்பவில்லை. மறுநாள் போட் மெயிலில் வந்த டிரங்குப் பெட்டிக்குள், தலையில்லாத உடல் மானாமதுரையில் அகப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது.

பெரியவர் அதோடு நிற்கவில்லை. ஆளவந்தார் அன்று கடையைவிட்டு இறங்கியது, வழியில் பூ வாங்கியது, தமக்குள் சிரித்துக்கொண்டது எல்லாவற்றையும் கூடவே நடந்தவர்போலச் சொன்னார். சுவையாகத்தான் இருந்தது. துப்பறியும் கதைக்காரர்கள் செய்வதும் இதையேதான்.

எட்கார் ஆலன் போவும் செய்தார். 1841-ல் நியூயார்க்கில் மேரி ரோஜர்ஸ் என்ற பெண் காணாமற்போய், ஹட்சன் நதியில் பிணமாக மிதந்தாள். பத்திரிகைச் செய்திகளை வைத்து அவளுடைய கடைசி நடமாட்டத்தை ஊகித்து, பாரிஸில் நடப்பதாகத் தொடர்கதை எழுதினார் போ. கதை முடிவதற்குள் புதுத் தகவல் வெளிவந்துவிட்டது. 1845-ல் புத்தகமாக்கியபோது சில இடங்களை ஓசைப்படாமல் திருத்தி, தமது ஊகமே பலித்ததாகக் குறிப்பும் சேர்த்தார். கதை பிழைத்தது, நாணயம் பிழைக்கவில்லை.

ஆளவந்தார் வழக்கில் 1953-ல் தீர்ப்பளித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயரும் நாவலாசிரியர்தான். ஆனால் சாட்சியம் நின்ற இடத்துக்கு அப்பால் ஓர் அடி வைக்க நீதிபதிக்கு உரிமையில்லை. நமக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் பயமாயிருக்கிறது. செத்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற தைரியத்தில் அவரைப் பெண்பித்தராகவே தெருவெல்லாம் நடத்துகிறோம். கணவரைத் தேடிக் கடைக்கு வந்து விசாரித்த மனைவிக்கு நம் கதைகளில் ஒரு வரி கிடைப்பதில்லை. நானும் ஒரு கதையில் இப்படிச் செய்தவன்தான்.

"பூ வாங்கினதை யார் பார்த்தது, ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "யாரும் பாக்கல. நல்லாயிருக்கட்டுமேன்னு நான்தான் சேத்தேன்."

போ சொல்லாததை, நான் சொல்லாததை, அவர் சொல்லிவிட்டார்.