துணைவலி: 1943ஆம் ஆண்டுக் கல்வியறிக்கை பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நூலை அதன் பாயிரங்கொண்டு மட்டும் மதிப்பிடுவாரைத் தமிழ்ப் புலவர் நகுவர். பாயிரம் ஆசிரியன் கருதியதைச் சொல்லும். கருதியது கைகூடியதோ என்பதை நூலே சொல்லவேண்டும். அரசாங்கங்கள் வெளியிடும் அறிக்கைகளும் திட்டங்களும் ஒருவகையில் நூல்களே. அவற்றுக்கும் பாயிரம் உண்டு, அதிகாரம் உண்டு, உரையாசிரியரும் உண்டு. எனினும் செய்யுளைக் கற்கும் மாணவன் செலுத்தும் கருத்தூன்றலிற் பத்திலொரு பங்கைத்தானும் எவரும் அவற்றின்மேற் செலுத்துவதில்லை. புகழ்வோர் முன்னுரையைப் புகழ்வர். இகழ்வோர் அமைச்சரை இகழ்வர். நூல் வாசிக்கப்படாமலே கிடக்கும்.

சமுதாய மாற்றங் கருதிய பொதுக்கொள்கை ஒன்றை ஆராயவும் வகுக்கவும் எவ்வாறு கற்பது என்னும் வினாவுக்கு இலங்கையிலேயே தக்க பாடநூல் ஒன்று உளது. 1940இல் நியமிக்கப்பட்ட கல்வி விசேட குழு 1943இல் அமர்வுப் பத்திரமாக வெளியிட்ட அறிக்கையே அது. குழுவுக்குத் தலைமை தாங்கிய கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரால் அது வழங்கப்பெறும். அதனை ஆதரித்து அவர் அரசாங்க சபையில் நிகழ்த்திய உரையின் ஒரு வாக்கியத்தைப் பலர் மனனமாக அறிவர். அறிக்கையின் உள்ளதிகாரங்களை அறிந்தவர் சிலரே.

அக்காலத்து நிலை யாவரும் அறிந்ததுதான். தாய்மொழிப் பாடசாலைகள் கட்டணமின்றி நடந்தன. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. முன்னவற்றிற் கற்றவன் பெரும்பாலும் கிராமத்தோடு நின்றான். பின்னவற்றிற் கற்றவன் லிகிதனாகவோ வைத்தியனாகவோ நியாயவாதியாகவோ உயர்ந்தான். 1931இல் வளர்ந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின்பும், அவர்தம் பிள்ளைகளுள் ஒரு சிறுபகுதியினருக்கே உயர்கல்வியின் கதவு திறந்திருந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி என்பது இந்நிலைக்கு அறிக்கை கண்ட விடை. 1945 அக்டோபர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டின் எழுத்தறிவும் பெண்கல்வியும் பின்னர் அடைந்த ஏற்றத்தை அறிந்த எவரும் அந்நாளைச் சிறிதென்னார்.

ஆயினும் அறிக்கை இலவசக் கல்வியை மட்டும் விதந்துரைத்ததன்று. ஆரம்பக் கல்வியின் இறுதியிற் பிள்ளைகளைத் தேர்ந்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும் என்றும் அது கூறிற்று. ஏட்டுக்கல்வியில் வல்ல சிலருக்கு ஒருவகை, இடைத்தரத்தார்க்கு இன்னொருவகை, எஞ்சிய பெருந்தொகையினர்க்குக் கைத்தொழிலும் வேளாண்மையும் சார்ந்த செயன்முறைப் பாடசாலை. அறிக்கையினுள் மிகப் பெரிய தொகையினரைப் பற்றிய பகுதி இதுவே. நாட்டில் வேரூன்றாது போனதும் இதுவே. மத்திய பாடசாலைகள் பெருகின. அவற்றுக்குச் செல்லக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. ஆனால் அவையும் நாளடைவில் ஏட்டுக்கல்விப் பாடசாலைகளாகவே நிலைபெற்றன. ஒரே நூலின் ஓர் அதிகாரம் வேதம்போற் போற்றப்பட, அதனை அடுத்த அதிகாரம் மறக்கப்பட்டது ஏன்? திறனாய்வு தொடங்கவேண்டிய இடம் இது.

வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. பெற்றோர் உத்தியோக மோகங் கொண்டவர். உடலுழைப்பை இழிவெனக் கருதுபவர். வெள்ளைச் சட்டைக்காக நிலத்தையும் ஈடுவைப்பவர் என்பது அது. யாழ்ப்பாணத்தாரைப் பற்றி இதனைக் கூறாத மேடைப் பேச்சாளர் அரியர். இவ்விடை எளிதானது, அதனாலேயே ஐயுறத்தக்கது. மோகம் என்பது காரணங் காணமாட்டாதார் காரணத்துக்கு இடும் பெயர்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவனின் கணக்கை அவனிடத்தில் நின்று பார்த்தல் தகும். மழையை நம்பிய நெல்வயலும், கிணற்றை நம்பிய புகையிலைத் தோட்டமும், பிள்ளைதோறும் பங்கிடப்பட்டுச் சுருங்கும் காணியும் அவன் உடைமை. அவன் கண்முன்னே அயலூரான் ஒருவன் மலாயாவிற் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞனாய் இருந்து, ஊர் திரும்பிக் கல்வீடு கட்டி, மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுகின்றான். அவ்வூதியம் மழைபொய்த்த ஆண்டிலும் வரும். இவ்விரண்டையுங் கண்டவன் தன் மகனைத் தச்சுப்பட்டறைக்கு அனுப்பாமல் ஆங்கில வகுப்புக்கு அனுப்பினான் எனின், அதனை மோகமென்பதா, கணக்கென்பதா? பிள்ளைக்கு எப்பாடசாலை நன்று என்பதை அவன் ஆராயவில்லை என்று சொல்லலாம். எவ்வருமானம் நிலையானது என்பதை அவன் ஆராயவில்லை என்று சொல்லமுடியாது.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. அதனைப் பலர் பேசாது விடுவர். தச்சும் கொல்லும் மட்பாண்டமும் வனைதலும் இந்நாட்டிற் சாதியோடு பிணிக்கப்பட்ட தொழில்கள். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம் என்னும் விதி 1930ஐ அண்டிய காலத்திற் புகுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், தீக்கிரையான பாடசாலைகளும் வரலாற்றில் உள்ளவை. அத்துணை இடர்களுக்கிடையே வாங்கில் இடம்பெற்ற பிள்ளையிடம், 'உனக்கேற்றது கைத்தொழிற் பாடசாலை' என்று பதினொரு வயதிற் கூறினால், அவன் செவியில் விழுவது தொழிற்கல்வியன்று. தந்தையின் பட்டறைக்கே திரும்பிப் போ என்னும் கட்டளைதான் விழும். ஏட்டுக்கல்வி ஒன்றே அவனுக்கு ஊரின் வழக்கத்தைக் கடந்து செல்லும் பாலமாயிருந்தது. அறிக்கை வகுத்தோர் திறமைக்கேற்ற பிரிவு என எழுதினர். கிராமத்தார் அதனைப் பிறப்புக்கேற்ற பிரிவு என வாசித்தனர். ஆசிரியன் கருத்தே நூலின் பொருள் என்று கொள்ளும் உரையாசிரியர் இவ்விடத்தில் இடறுவர்.

இவ்வாசிப்பு முன்னரே அறியப்படாததும் அன்று. 1930களில் ஹந்தெஸ்ஸவிலிருந்து பரப்பப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம் பாடசாலையைக் கிராம வாழ்வோடு இணைக்க முயன்றது. கிராமத்துப் பிள்ளைகளை ஆங்கிலக் கல்வியினின்றும் விலக்கிக் கிராமத்திலேயே நிறுத்தும் சூழ்ச்சி அது என்ற ஐயம் அப்பொழுதே எழுந்தது. அந்த ஐயம் ஓர் அரிய சான்று. அதனை அறியாமை என்று ஒதுக்காமல், அறிக்கை தன் கணக்கிற் சேர்த்திருக்கவேண்டும்.

திருக்குறட் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பரிமேலழகர் அவற்றை அரசன் பகைமேற் செல்லும் வினைக்கு உரியனவாகக் கொண்டு உரை செய்தார். அவர் காலத்து அரசுக்கு அது பொருந்தும். ஆயினும் அரசின் வினை போரோடு முடிந்த காலம் போயிற்று. பள்ளி கட்டுவதும் நோய் தடுப்பதும் அரிசி பங்கிடுவதும் அரசின் வினையான பின்பு, அவ்வதிகாரங்கள் கொள்கை வகுப்போர்க்கு உரிய இலக்கணமாக விரிகின்றன. செய்யுஞ் செயலின் வலி, செய்வோன் வலி, எதிர்ப்போன் வலி, துணைநிற்போன் வலி என நால்வகை வலியை நிறுக்கச் சொல்கின்றார் வள்ளுவர். அறிக்கை செயலின் வலியை நிறுத்தது. எதிர்ப்போரின் வலியையும் நன்கு அறிந்திருந்தது. கட்டணப் பாடசாலைகளின் முகாமையாளர்கள் எழுப்பக்கூடிய தடைகளை எதிர்நோக்கியே இலவசக் கல்விக்கான வாதம் அமைந்தது. நிறுக்காது விட்டது துணைவலியை. கல்விக் கொள்கைக்குத் துணை யார்? பிள்ளையைக் காலையில் எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்பும் தாய் தந்தையரே. இலவசக் கல்வி அவர்கள் விரும்பிய திசையிற் சென்றது. ஆகவே வெள்ளம்போற் பாய்ந்தது. செயன்முறைப் பாடசாலை அவர்கள் அஞ்சிய திசையிற் சென்றது. ஆகவே காகிதத்தில் நின்றது.

இக்குறை இலங்கைக் குழுவுக்கு மட்டும் உரியதன்று. அதே 1943இல் இங்கிலாந்தில் வெளிவந்த நோர்வூட் அறிக்கையும் மாணவர் மனங்களை மூவகையாகப் பிரித்து மூவகைப் பாடசாலைகளை வேண்டிற்று. அங்கும் தொழில்நுட்பப் பாடசாலைகள் மிகச் சிலவே எழுந்தன. கிராமர் பாடசாலையின் இடத்துக்கே பெற்றோர் போட்டியிட்டனர். ஆங்கிலேயனுக்குச் சாதி இல்லை என்பர், வகுப்பு இருந்தது. 1965இல் பிலிப் பொஸ்டர் என்னும் சமூகவியலறிஞர் கானா நாட்டை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இவ்விடயத்தைத் தெளிவாக்கிற்று. மாணவர் ஏட்டுக்கல்வியை நாடுவது பாடத்திட்டத்தின் மயக்கத்தாலன்று; ஏட்டுக்கல்வியே உயர்ந்த சம்பளத்துக்கும் மதிப்புக்கும் வழியாயிருப்பதாலே என்பது அவர் முடிபு. அவ்வகையில் ஏட்டுக்கல்வியே அவர்களுக்குத் தொழிற்கல்வி. சம்பளப் படிகளை மாற்றாது பாடத்திட்டத்தை மட்டும் மாற்றுவோர் மரத்தின் நிழலை வெட்டுவோராவர்.

இலங்கையில் அந்நிழல் மீண்டும் ஒருமுறை வெட்டப்பட்டது. கற்றும் வேலையற்றிருந்த இளைஞர் பெருகினர். 1971 ஏப்ரலிற் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிற் சர்வதேசத் தொழில் தாபனம் அனுப்பிய குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையேயான பொருந்தாமையைத் தன் அறிக்கையின் தலைப்பிலேயே வைத்தது. அவ்வறிக்கை கல்வியை மட்டும் பேசவில்லை. வேளாண்மையையும் வருமானத்தையும் உடன்வைத்தே பேசிற்று. நடைமுறையிற் பாடசாலைமீது விழுந்த சுமையே பெரிதாயிற்று. 1972இன் சீர்திருத்தங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை அவ்வவ்வூர்த் தொழில்களைத் தழுவிய பாடங்களைக் கட்டாயமாக்கின. கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்துக்குப் பதிலாகத் தேசியத் தராதரப் பத்திரம் ஒன்றை அமைத்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால், 1943இன் பிரித்தனுப்பும் குறை இதில் இல்லை. அது மறுக்கமுடியாத முன்னேற்றம். ஆயினும் பரீட்சையின் மறுமுனையில் நின்ற உத்தியோகம் மாறவில்லை. இலங்கையைத் தன் ஆய்வுக்கு எடுத்த நான்கு நாடுகளுள் ஒன்றாகக் கொண்டு றொனால்ட் டோர் 1976இல் எழுதிய நூலுக்குப் பட்டப்பத்திர நோய் என்று பொருள்படும் பெயரிட்டதில் வியப்பில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது. பெற்றோருட் பலர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

கல்லூரிகளும் இதற்குப் புறம்பானவையல்ல. மண்டபச் சுவர்களிலே தொங்கும் மரப்பலகைகளில் வைத்தியக் கல்லூரி புகுந்தோர் பெயரும் எந்திரவியல் பயின்றோர் பெயரும் பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பலகையை இழைத்த தச்சன் பெயர் அதில் இல்லை. தொழிற்கல்வியின் பெருமையை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் பெரும்பாலும் அப்பலகையின் கீழ் நின்றே உரைக்கின்றார். மாணவர் சொல்லைக் கேட்பதோடு பலகையையும் வாசிப்பர்.

அறிக்கைமேற் சுமத்திய குற்றத்துக்கு எல்லையும் வகுக்கவேண்டும். டொனமூர் அரசியலமைப்பிற் கல்வி நிர்வாகக் குழுவின் கையிற் பாடசாலைகள் இருந்தன. அரசாங்க உத்தியோகமும் நிதியும் அதன் கையில் இருந்தனவல்ல. பொதுச்சேவை பிரதம செயலாளரின் பொறுப்பிலும், திறைசேரி நிதிச் செயலாளரின் பொறுப்பிலும் இருந்தன. அவ்விருவரும் சபையால் தெரியப்படாத அரசு அதிகாரிகள். தச்சாசிரியனுக்கும் லிகிதனுக்கும் இடையேயுள்ள சம்பள வேற்றுமையைக் கன்னங்கரா விரும்பியிருப்பினும் தம் குழுவினாற் குறைத்திருக்க முடியாது. தம் கைக்கெட்டிய கருவியைக் கொண்டு, கைக்கெட்டாத பொருளைத் திருத்த அக்குழு முயன்றது. செயலின் வலியை நிறுத்தவர்கள் செய்வோன் வலியையும் குறைவறச் சொல்லியிருந்தால், செயன்முறைப் பாடசாலை பற்றிய அதிகாரம் பாடசாலையோடு நில்லாது, சம்பளப் படி பற்றிய ஒரு வேண்டுகோளோடு முடிந்திருக்கும். அப்பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஏறும் ஓர் ஏணியையும் அது காட்டியிருக்கும்.

1947இன் பின் அத்தடை இருக்கவில்லை. நிதியும் பொதுச்சேவையும் கல்வியும் ஒரே மந்திரிசபையின் கீழ் வந்தன. அவ்வாறிருந்தும் 1972இன் திட்டம் மீண்டும் பாடப்புத்தகத்திலும் நேரசூசியிலும் பரீட்சையின் பெயரிலுமே தொடங்கிற்று. இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் மாணவன், முதலாவதற்கு இருந்த சமாதானம் இரண்டாவதற்கு இல்லை என்பதைக் காண்பான்.