கோப்புக்குள் ஒரு திரி

எங்க விஸ்வநத்தத்துல எந்த வெடிக்கும் திரி உண்டு. பத்த வைக்கிறது மட்டும் வாங்கினவர் கை. மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்எஃப் வடிவத்தைப் படிக்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது.

டபிள்யூஎம்ஏ, டபிள்யூஎம்வி கோப்புகள் எல்லாம் இந்த வடிவம்தான். ‘இத்தனையாவது நொடியில் இந்தப் பக்கத்தைத் திற’ என்ற கட்டளையையும் ஒலி, ஒளியோடு உள்ளே வைக்கலாம். பாடம் ஓட ஓட ஸ்லைடு மாறும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

கோளாறு எங்கே? கட்டளையை எழுதியது யார் என்று பிளேயர் கேட்கவில்லை. 2008-இல் கெட்கோடெக் என்ற வார்ம், கணினியில் இருந்த எம்பி3 பாடல்களை ஏஎஸ்எஃப் ஆக மாற்றி இப்படியொரு கட்டளையைச் செருகியது. கோப்பின் பெயர் மட்டும் அதே எம்பி3. பாட்டைத் தட்டினால், கோடெக் என்று சொல்லித் தீம்பொருளை நீட்டும் பக்கம் திறந்தது.

ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் இந்த விஷயத்தில் தேவலாம். ஸ்ட்ரீமோடு வரும் ஐடி3 குறிப்பு வெறும் தகவல். என்ன செய்வது என்பது ஆப்பின் முடிவு. ‘அப்ப ஆப்பை நம்பணுமே’ என்பீர்கள். சரிதான். ஆனால் ஆப்பைத் தெரிந்துதானே நிறுவினோம். பாட்டை அப்படியா திறந்தோம்?

பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் வைத்திருப்பவர்கள், செக்யூரிட்டி பகுதியில் ஸ்கிரிப்ட் கட்டளைகளுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.